ஊருணியும் முற்றமும்: இல்லத்து உண்ணீருக்காக மழைநீர் தேக்கிய வரலாறு

முன்னுரை

தமிழகத்து நீர்நிலைகளின் வரலாறு பெரும்பாலும் உழவின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காவிரியின் குறுக்கே அமைந்த கல்லணை, பல்லவ வேந்தர் வெட்டுவித்த ஏரிகள், சோழர் காலத்து ஊர்ச்சபைகளின் ஏரி வாரியம் ஆகியவற்றை அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். வயலுக்குப் பாய்ந்த நீரின் கதை இங்ஙனம் விளக்கமுற்றிருக்க, அடுக்களைக்குச் சென்ற நீரின் கதை அத்துணை விளக்கமுறவில்லை. வானினின்று வீழ்ந்த நீரை மக்கள் பருகுதற்கும் அடுதற்கும் எவ்வாறு பிடித்தனர், எதன்கண் தேக்கினர், எங்ஙனம் தெளிவித்தனர், அதனை முகந்து செல்லும் உரிமை யார் யாருக்கு இருந்தது என்னும் வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குரிய சான்றுகள் மூவகையின. இலக்கியமும் அதன் உரைகளும் ஒருவகை, கல்வெட்டுகள் மற்றொருவகை, இன்றும் நின்று நிலவும் வீடுகளும் ஊருணிகளும் மூன்றாம் வகை. இவற்றைக் கொண்டு யாம் நிறுவ விழைவது ஒன்றே. தமிழகத்தின் வறண்ட பகுதிகளில் இல்லத்துக்குரிய மழைநீர் இல்லத்துள் நெடுநாள் தேக்கப்படவில்லை. ஊரின் பொதுக்கலமாகிய ஊருணியிலேயே தேக்கப்பட்டது. வீடு பிடித்தது, ஊர் காத்தது. இவ்விரண்டிற்கும் இடையேயிருந்த தொடர்பை உணராதார்க்குப் பழைய முறையின் சிறப்பும் விளங்காது. அதன் குறையும் விளங்காது.

1. ஊருணி என்னும் சொல்

தமிழில் நீர்நிலைகளைக் குறிக்கும் சொற்கள் பல. மலைப்பாறையிற் பொருந்தியது சுனை. தோண்டி நீர் காண்பது கிணறு. வயலுக்கு நீர் தருவது ஏரி. பாண்டி நாட்டின் தென்கிழக்குப் பகுதியில் பாசனத்துக்குரிய நீர்நிலை கண்மாய் எனவும், பருகுதற்குரியது ஊருணி எனவும் வழங்கப்பெறும். ஆங்கு வாழும் உழவர் இவ்விரு சொற்களையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்து வழங்குவதில்லை. நீரின் அளவு பற்றியோ கரையின் வடிவு பற்றியோ எழுந்த வேறுபாடன்று இது. நீரின் பயன் பற்றி எழுந்த வேறுபாடாகும்.

ஊர், உண் என்னும் இரண்டு சொற்களின் சேர்க்கையால் அமைந்தது ஊருணி. உண்டல் என்னும் வினை பண்டைத் தமிழில் சோற்றுக்கு மட்டுமன்றி நீருக்கும் உரித்தாய் வழங்கியது. உண்ணீர், உண்துறை என்னும் சொல்லாட்சிகளும் இதனைக் காட்டும். ஆகவே, ஊரால் உண்ணப்படும் நீரையுடையது என்பதே இப்பெயரின் பொருள். பெயரிலேயே உரிமையாளர் குறிக்கப்பெறுதல் கருதத்தக்கது. அரசன் பெயரால் அமைந்த தடாகங்கள் உண்டு. கோயிலின் பெயரால் அமைந்த குளங்களும் உண்டு. ஊருணியோ தன்னை உண்பார் பெயரையே தன் பெயராகக் கொண்டது.

திருக்குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்து ஐந்தாம் குறள், உலகத்தாரை விரும்பும் பேரறிவாளனது செல்வத்திற்கு நீர் நிறைந்த ஊருணியை உவமை கூறுகின்றது. உவமையின் இயல்பு யாதெனில், கேட்போர் நன்கறிந்த பொருளைக் கொண்டு அறியாததை விளக்குதலாம். எனவே வள்ளுவர் காலத்தில் ஊருணி கேட்போர்க்குப் பழகிய பொருளாக இருந்தது என்பது பெறப்படும். இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், ஊரில் வாழ்வோர் நீருண்ணும் குளமே ஊருணி எனப் பொருள் கொண்டு, அச்செல்வம் பாழாகாது நெடிது நின்று எல்லார்க்கும் தப்பாது உதவும் என்று கருத்துரைத்தார். ஈண்டு இரு கருத்துகள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதன. நெடிது நிற்றல் என்பது தேக்கத்தின் இலக்கணம். எல்லார்க்கும் உதவுதல் என்பது பங்கீட்டின் இலக்கணம். முதலாவது நடைமுறையில் நிறைவேறியதா, இரண்டாவது நிறைவேறியதா எனத் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

2. சங்கச் செய்யுட்கள் காட்டுவன

கூரையில் வீழ்ந்த மழைநீரை ஒருவழிப்படுத்தும் அமைப்பைப் பற்றிய குறிப்பு பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் உள்ளது. நக்கீரர் பாடிய அப்பாட்டில் அரண்மனையின் வெண்ணிற நிலா முற்றத்தினின்று மழைநீர், அங்காந்த வாய்போற் செய்த அம்பணத்தில் நிறைந்து அருவியென ஒலித்து வீழ்கின்றது. அம்பணம் என்பது நீர் விழும் தூம்பு. இதுகொண்டு பண்டைத் தமிழர் வீடுதோறும் மழைநீரைச் சேமித்தனர் என்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது. பாட்டிற் காண்பது அரண்மனை, பிறர் வீடன்று. தூம்பு நீரை வெளியேற்றும் உறுப்பு. அந்நீர் வீழ்ந்தபின் எங்குச் சென்றது என்பதைப் புலவர் கூறவில்லை. மாடத்து நீரை ஓரிடத்து வீழச் செய்யும் தொழில்நுட்பம் அக்காலத்து இருந்தது என்னும் அளவிலேயே நாம் அமைதல் தகும்.

இதனினும் சிறந்த சான்று கலித்தொகையின் நெய்தற்கலிப் பாட்டொன்றில் உளது. பிரிவால் கலங்கிய தலைவியின் உள்ளம் தலைவனைக் கண்டவுடன் தெளிந்தமைக்கு, தேற்றாங்கொட்டை தேய்க்கப்பட்ட கலத்தில் கலங்கல் நீர் தெளிதலை நல்லந்துவனார் உவமை கூறுகின்றார். தேற்றாமரம் ஆங்கு இல்லம் என்னும் பெயராலும், அதன் கொட்டை காழ் என்னும் சொல்லாலும் குறிக்கப்பெறுகின்றன. குடத்தின் உட்புறத்தே கொட்டையைத் தேய்த்துப் பின் நீரை வார்த்து வைத்தால் மண் அடியிற் படியும். வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையும் இக்கொட்டையைக் கதகம் என்னும் பெயரால் நீர் தெளிவிக்கும் பொருள்களுள் ஒன்றாகக் கூறும். கொட்டையிலுள்ள பொருள்கள் நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்களை ஒன்றோடொன்று பிணித்துக் கனமாக்கி அடியில் இறங்கச் செய்கின்றன என்பது இக்கால வேதியியலார் கண்ட விளக்கம்.

இவ்வுவமையால் நாம் பெறுவது யாது? ஊற்றுநீருக்குத் தேற்றாங்கொட்டை வேண்டுவதில்லை. மண்மேல் ஓடி வந்து தேங்கிய நீருக்கே அது வேண்டும். கலங்கல் நீரைக் கலத்திலிட்டுத் தெளிவிக்கும் வழக்கம் உவமையாகக் கூறத்தக்க அளவு பரவியிருந்தது எனின், நிலத்தின்மேல் தேங்கிய நீரை உண்ணும் வழக்கமும் அவ்வளவு பரவியிருந்தது என்று கொள்ளலாம். வெள்ளம் பெருகிய ஆற்றின் நீரும் கலங்கலாகவே இருக்கும் ஆதலின், இதனை ஊருணிக்கு மட்டுமே உரிய சான்றாகக் கொள்ளுதல் மிகையாகும். எனினும் தேக்கம் ஊரிலும் தெளிவிப்பு வீட்டிலும் நிகழ்ந்தன என்னும் எம் கருத்துக்கு இது அரணாகின்றது.

மழையை நேரே தேக்காது மணலூடு இறங்கிய நீரைப் பெறும் வழியும் உடன் இருந்தது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துப் புறச்சேரியில் உறைக்கிணறுகள் இருந்தமையைக் குறிக்கின்றது. 1945இல் அரிக்கமேட்டிலும் அண்மைக் காலத்தில் கீழடியிலும் நிகழ்ந்த அகழாய்வுகளில் சுடுமண் உறைகளால் அமைந்த கிணறுகள் வெளிப்பட்டன. நிலத்தடி நீர் இனிதாகவும் அணிமையிலும் கிடைக்குமிடத்து உறைக்கிணறு போதும். அது உவர்ப்பாகவோ எட்டாத ஆழத்திலோ இருக்குமிடத்து மழைநீரைத் தேக்குதலன்றி வேறு வழியில்லை. ஊருணிகள் இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய பகுதிகளில் செறிந்திருத்தற்குக் காரணம் இதுவேயாகும்.

3. பொதுக்கலம் வேண்டியது ஏன்?

மழைநீரை ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் வீட்டிலேயே தேக்கிக்கொள்ளலாகாதோ என்னும் வினா இவ்விடத்து எழும். கணக்கிட்டு நோக்கின் விடை தெளிவாகும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெறும் ஓர் ஊரில் 100 சதுர மீட்டர் கூரையுடைய வீட்டின்மேல் 80,000 லிட்டர் நீர் வீழும். ஐவர் வாழும் வீட்டில் பருகுதற்கும் சமைத்தற்கும் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் எனக் கொண்டால் ஆண்டிற்கு வேண்டுவது 18,250 லிட்டரே. எனவே மழையின் அளவிற் குறையில்லை. குறை காலத்தில் உள்ளது. இப்பகுதிகளுக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்களை ஒட்டி வீசும் வடகிழக்குப் பருவக் காற்றால் கிடைப்பது. எஞ்சிய ஒன்பது திங்களுக்கு, அதாவது ஏறத்தாழ 270 நாட்களுக்கு, அவ்வீட்டார்க்கு 13,500 லிட்டர் நீர் தேங்கியிருத்தல் வேண்டும். இருநூறு லிட்டர் கொள்ளும் பெரிய பித்தளை அண்டாக்கள் அறுபத்தெட்டு இருந்தாலன்றி அதனை வீட்டில் வைத்தல் இயலாது. நிலத்தின் கீழ்த் தொட்டி கட்டுதற்குச் செங்கல்லும் சுண்ணமும் பொருளும் வேண்டும். ஓலைக் கூரையின் கீழ் வாழ்ந்த பெரும்பாலார்க்கு அது எட்டாத செயல்.

எனவே ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டி, களிமண் படுகை நீர் கீழிறங்காது தடுக்க, ஊரார் அனைவரும் ஒரு கலத்தைப் பொதுவில் ஆக்கிக்கொண்டனர். ஊருணி பரப்பிற் சிறிதாயும் ஆழத்தில் மிக்கதாயும் அமைதல் வழக்கு. வெயிலுக்குக் காட்டும் மேற்பரப்பு குறையின் ஆவியாகும் நீரும் குறையும். நீர் வருதற்கு வரத்துக்கால், மிகுந்தது வெளியேறுதற்குக் கலிங்கு, இறங்கி முகத்தற்குப் படித்துறை என்பன அதன் உறுப்புகள். கால் கழுவுதலும் துணி துவைத்தலும் மாடு குளிப்பாட்டுதலும் ஆங்கு விலக்கப்பட்டன. அவற்றுக்கு வேறு குளங்கள் இருந்தன. கோடையில் நீர் வற்றியவழி ஊரார் கூடித் தூர்வாரினர். கலமும் பொது, அதனைக் காக்கும் கட்டுப்பாடும் பொது.

4. செட்டிநாட்டு முற்றம்

வீட்டையும் ஊருணியையும் ஒரே அமைப்பாகப் பிணைத்த சான்று செட்டிநாட்டு ஊர்களில் இன்றும் காணக் கிடக்கின்றது. நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா முதலிய நாடுகளில் ஈட்டிய பொருளால் கட்டிய பெருவீடுகள் அவை. வீட்டின் நடுவே வானம் திறந்த முற்றமும், அதனைச் சூழத் தாழ்வாரமும் அமைந்திருக்கும். நாற்புறத்து ஓட்டுக் கூரைகளும் முற்றத்தை நோக்கிச் சரிந்திருத்தலின், கூரையில் வீழும் மழை வெளியே சிதறாது உள்ளே இறங்கும். கூரைகள் கூடும் மூலைகளில் தூம்பு வைத்து, அதன் கீழ் அண்டாவும் கிடாரமும் நிறுத்தி, கலத்தின் வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி நீரைப் பிடிப்பர். கூரையின் தூசியைக் கழுவி வரும் முதல் மழையை விட்டுவிட்டுப் பின் பெய்வதையே கொள்வர்.

கலங்கள் நிறைந்தபின் எஞ்சிய நீர் முற்றத்துத் துளை வழியே கல்மூடிய வடிகாலில் இறங்கித் தெருக் காலை அடைந்து, நிலத்தின் சரிவுக்கேற்ப ஊரின் நீர்நிலைகளை நோக்கிச் செல்லுமாறு தெருக்கள் வகுக்கப்பட்டன. ஊர் முழுவதும் ஒரு பெருங்கூரையாக, ஊருணி அதன் கீழ் வைத்த கலமாக நின்றது எனலாம். 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தின் உலக மரபுச் சின்னங்களுக்கான முன்பட்டியலில் இடம்பெற்றன. வீட்டின் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தரையையும் வியந்து நோக்குவார், முற்றத்து மூலையிலுள்ள துளையையும் நோக்குதல் வேண்டும் என்போம். அத்துளையே வீட்டை ஊரோடு இணைத்தது.

இவ்வமைப்பின் தனித்தன்மையை உணரப் பிறநாட்டுச் சான்றொன்றை ஒப்பிட்டுக் காண்பது நலம். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலிற் புதைந்த பொம்பேயி நகரத்து உரோமானிய வீடுகளிலும் நடுவே திறந்த கூடமும், உட்புறம் சரிந்த கூரையும், அதன் கீழ் ஆழமற்ற தொட்டியும் இருந்தன. கூரை நீர் அத்தொட்டியில் வீழ்ந்து, தரையின் கீழ்க் கட்டப்பட்ட சேமக் கலத்தை அடைந்தது. வீட்டுத் தலைவன் அதன் மேல் வைத்த கிணற்றுவாய் வழியே நீரை முகந்தான். கூரையும் முற்றமும் இரு நாட்டிலும் ஒத்திருக்க, நீர் சென்றடைந்த இடம் வேறுபட்டது. உரோமானியன் தன் தரையின் கீழ் வைத்தான். செட்டிநாட்டான் தனக்கு அப்போது வேண்டியது போக எஞ்சியதை ஊருக்கு விட்டான். பின்னர்க் கால்வாய் வழிப் பொதுநீர் நகருக்குள் வந்தபோது உரோமானிய வீட்டின் சேமக் கலம் தன் முதன்மையை இழந்தது. செட்டிநாட்டில் குழாய்நீர் வந்தபோது முதன்மையிழந்தது ஊருணியாகும். ஆகவே இழப்பும் ஊருக்குப் பொதுவாயிற்று.

5. எல்லார்க்கும் என்னும் சொல்

இதுகாறும் கூறியவற்றால் நெடிது நிற்றல் என்னும் இலக்கணம் ஊருணிக்குப் பொருந்தியமை புலனாகும். இனி எல்லார்க்கும் உதவுதல் என்னும் இலக்கணத்தை ஆராய்வாம்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் ஊர்களின் வரியிலா நிலங்களை எண்ணுமிடத்து, ஊர் நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரியையும் தனித்தெண்ணுகின்றன. வெள்ளாளர்க்கும் பறையர்க்கும் சுடுகாடுகளும் வேறாக இருந்தமை அவற்றால் அறியப்படும். குடியிருப்பும் சுடலையும் பதினோராம் நூற்றாண்டிலேயே பிரிக்கப்பட்டிருந்த நாட்டில், ஊர் என்னும் சொல் ஊரில் வாழ்ந்தார் அனைவரையும் குறித்தது என்று எளிதிற் கூறிவிடுதல் இயலாது. ஊருணியின் முற்பகுதியாகிய ஊர் என்பது நத்தத்தை மட்டும் குறித்ததா, சேரியையும் உட்கொண்டதா என்பதே வினா.

பிற்கால வரலாறு இவ்வினாவுக்கு ஐயத்துக்கிடமின்றி விடை தருகின்றது. பொதுநீர் எல்லார்க்கும் உரியதாக இருந்திருப்பின், அவ்வுரிமையைச் சட்டத்தால் நிலைநாட்ட வேண்டிய தேவை எழுந்திராது. 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, குளம் முதலியவற்றை எவ்வகுப்பாரும் பயன்படுத்தத் தடையில்லை என்பதை நிலைநாட்ட எழுந்தது. 1927இல் மராட்டிய நாட்டு மகாடு ஊரில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு சென்று பொதுக்குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகினார். 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் பதினைந்தாம் உறுப்பு, பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட கிணறு, குளம், குளிக்கும் துறை ஆகியவற்றிற் சாதி முதலியன பற்றி எவரையும் விலக்கலாகாது என்று விதந்து கூறுகின்றது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் குளமும் கிணறும் பெயர் சுட்டிக் கூறப்பட்டமைக்குப் பின் எத்துணைத் தலைமுறைகளின் தாகம் உள்ளது என்பதை வரலாற்று மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே பரிமேலழகர் கண்ட பொருள் குறளின் பொருளாகும், ஊரின் நடைமுறையன்று. வள்ளுவர் உவமையை அறத்தின் அளவுகோலாகக் கொள்ளலாமேயன்றி, அக்கால ஊர்களின் நேர்ப்படமாகக் கொள்ளலாகாது. ஊருணியைப் பழந்தமிழர் பொதுமையின் சின்னமாகப் புகழ்ந்தெழுதும் கட்டுரைகள் இவ்வேறுபாட்டைக் கருதாது விடுதல் ஆராய்ச்சிக்கு ஏற்புடையதன்று.

6. சட்டம் வந்தபின்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் குழாயும் ஊர்தோறும் பரவின. நீர் வீட்டு வாயிலுக்கு வந்தது நன்மையே. சேரியும் தனக்குரிய குழாயைப் பெற்றது. ஆயினும், ஊருணியில் இறங்குவார் குறைந்தவழி அதனைத் தூர்வாருவாரும் குறைந்தனர். வரத்துக்கால்கள் தூர்ந்தன, சில மனையாயின.

2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேமிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கிற்று. இந்திய மாநிலங்களுள் இத்துணை விரிந்த அளவில் முற்பட எழுந்த முயற்சிகளுள் இஃது ஒன்று. சொல்லாராய்ச்சி உடையார் ஈண்டு ஒன்று நோக்குதல் தகும். சேமிப்பு என்பது இச்சட்டத்தின் நடைமுறையிற் பெரும்பாலும் நிலத்துள் ஊறச் செய்தலையே குறித்தது. கூரை நீர் குழாய் வழி இறங்கிக் கூழாங்கல்லும் மணலும் இட்ட குழியை அடைந்து நிலத்தடி நீரோடு கலக்கின்றது. இது பழைய உறைக்கிணற்று மரபின் வழிவந்ததேயன்றி ஊருணி மரபின் வழிவந்ததன்று. நிலத்தடி நீர் இனிதாகவுள்ள இடத்தில் இது மிக்க பயன் தரும். உவர்நிலத்திலோ, இறக்கிய நீர் உவரோடு கலந்து உண்ணத் தகாததாகிவிடும். ஆங்கு வேண்டுவது தேக்கமே.

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் ஏறத்தாழ வறண்டன. சூலைத் திங்களில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் கொண்டுவரப்பட்டது. அந்நகரத்துக் கட்டடங்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் உரியதே. கடமையை வீட்டின்மேல் வைத்து, காப்பை ஒருவர்மேலும் வையாவிடின் குழிகள் தூர்ந்துபோம். ஊருணியைக் காத்தது அதனைத் தோண்டிய மண்வெட்டி மட்டுமன்று. ஆண்டுதோறும் கூடித் தூர்வாரிய ஊரின் வழக்கமுமாகும்.

முடிவுரை

இவ்வாய்வால் போந்த முடிபுகளைத் தொகுத்துக் கூறுவாம். மாடத்து மழைநீரைத் தூம்பால் இறக்கும் தொழில்நுட்பமும் கலங்கிய நீரைக் கலத்தில் தெளிவிக்கும் வழக்கமும் சங்ககாலத்தே இருந்தன. பருவமழை சில திங்களிற் பெய்து ஒழிதலின், பெரும்பாலார்க்கு இல்லத்துள் தேக்கம் இயலாதாகி, ஊருணி இல்லங்களின் பொதுக்கலமாயிற்று. செட்டிநாட்டு ஊர்கள் கூரை, முற்றம், வடிகால், ஊருணி என்னும் நான்கையும் ஒருதொடராக்கின. அப்பொதுமை சாதியால் எல்லையிடப்பட்டிருந்தது. அவ்வெல்லையை நீக்கியது ஊர் வழக்கமன்று, ஒடுக்கப்பட்டோரின் போராட்டமும் சட்டமுமே.

ஊருணியை மீட்க முயல்வார் இன்று பலர். அம்முயற்சி போற்றத்தக்கது. மீட்கப்படுவது நீர் மட்டுமாயின் பழைய ஊருணியே மீளும். படித்துறையில் யாவரும் ஒருங்கே இறங்கும் உரிமையும் உடன் அமையின், உரையாசிரியர் கண்ட ஊருணி முதன்முறையாகத் தோன்றும். ஊருணிகளின் பெயர்களையும் அவற்றின் கட்டுப்பாடுகளையும், ஆங்கு நீர் முகந்தவர் யார், விலக்கப்பட்டவர் யார் என்னும் செய்திகளையும் முதியோர் வாய்மொழியாக ஊர்தோறும் தொகுக்கும் பணி எஞ்சியுள்ளது. அதனை முதுகலை மாணவர் விரைந்து மேற்கொள்ளுதல் வேண்டும். அம்முதியோர் மறையின் இச்செய்திகளும் உடன் மறையும்.